வேலிக்கரையில் ஒரு வாளி

அன்புள்ள ஐயா,

1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா சைக்கிளில் வெங்காயம் கட்டி விற்றுத்தான் எங்களைப் படிப்பித்தார். போன கிழமை ஒரு நண்பன், 'நீங்கள் வெள்ளாளர், உங்களுக்கென்ன குறை?' என்றான். கஷ்டத்தைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு அப்படி என்ன சலுகை கிடைத்தது?

வாசகர் ஒருவர், கொக்குவில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அப்பா சைக்கிள் உழக்கியது உண்மை. அதை யாரும் பறிக்க முடியாது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழையில் நாவற்குழிப் பாலம் கடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். கொடிகாமப் பக்கம் ஒரு வீட்டுப் படலையில் நின்று அம்மா கூப்பிட்டார். வீட்டுக்காரர் டோர்ச் அடித்துப் பார்த்து, "எந்த ஊர்? ஆற்ர ஆக்கள்?" என்றார். அம்மா ஊரைச் சொன்னார், தாத்தாவின் பேரைச் சொன்னார். படலை திறந்தது. விறாந்தையில் பாய் கிடைத்தது, விடிந்ததும் கிணற்றடியும் கிடைத்தது. நல்ல மனிதர் என்று இன்றைக்கும் சொல்வோம்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு குடும்பம் வந்தது. அவர்கள் வாளியோடு வேலிக்கரையில் நின்றார்கள். "பாவங்கள்" என்று அம்மாதான் அள்ளி ஊற்றினார். அதை அம்மாவின் இரக்கம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அவர்கள் ஏன் தாங்களே அள்ளவில்லை என்று யோசிக்க எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. சாதியின் பேரால் மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957இல். அந்தக் கிணற்றடிக்கு அது அப்போதும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

எங்கள் ஆக்களின் ஞாபகசக்தியும் விசித்திரமானது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மாற்றிய தரப்படுத்தலில் எத்தனை புள்ளியால் கம்பஸ் தவறியது என்று நித்திரையிலும் சொல்வார்கள். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போகக் கேட்டு நின்ற மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆர் ஆரை மறித்தார்கள் என்று கேளுங்கள், "அதெல்லாம் பழங்கதை" என்பார்கள்.

சரி, உங்கள் 1990க்கு வருவோம். உங்களோடு வெளிக்கிட்டவர்கள் பலர் மல்லாகம் பக்கத்து முகாம்களில் இருந்தார்கள். வேறிடத்தில் காணி உள்ளவர்கள், வெளிநாட்டிலிருந்து காசு வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். இருபது வருடம் கழித்தும் அங்கே எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் காணியில்லாத, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். குண்டு எல்லார் வீட்டிலும்தான் விழுந்தது.

உங்கள் அப்பா முகாமில் எத்தனை மாதம் இருந்தார்? கொக்குவிலில் முதலில் வாடகைக்கு வீடு தந்தவர், முற்பணம் கேட்பதற்கு முன்னால் அவரிடம் என்ன கேட்டார்? அப்பாவிடம் விசாரித்து எழுதுங்கள்.