துத்தத்தின் பெயரில் எண் வருகிறது, சுண்ணாம்புக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி கேட்டவர் கம்பத்து மாணவி. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் அப்பா அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி அடிக்கிறார். அதில் சேரும் துத்தம், அதாவது மயில்துத்தம், பாடத்தில் காப்பர்(இரண்டு) சல்பேட். சுண்ணாம்போ எண்ணில்லாத கால்சியம் ஹைட்ராக்சைடு.

கால்சியம் சேர்மமாகும்போது இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும், வேறு பழக்கம் அதற்கில்லை. ஹைட்ராக்சைடு அயனிக்கு ஓர் எதிர்மின் சுமை. ஆகவே இரண்டு ஹைட்ராக்சைடு என்பது சொல்லாமலே விளங்கும். தாமிரம் ஒன்றையும் இழக்கும், இரண்டையும் இழக்கும். அதன் சிவப்பு ஆக்சைடு காப்பர்(ஒன்று), கறுப்பு ஆக்சைடு காப்பர்(இரண்டு). எண் இல்லாவிட்டால் எது என்று தெரியாது. அந்த எண் தாமிரத்தின் மின்சுமை. அணுக்களின் எண்ணிக்கை அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்.

அணுக்களை எண்ணிச் சொல்லும் மோனோ (ஒன்று), டை (இரண்டு) எல்லாம் அலோகங்கள் எலக்ட்ரானைப் பங்கிடும் சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு: கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு. துத்தத்தில் இரு பிணைப்பும் உண்டு. சல்பேட்டுக்குள் கந்தகமும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பில். தாமிரத்துக்கும் சல்பேட்டுக்கும் இடையே அயனிப் பிணைப்பு. நீலப் படிகத்தில் ஐந்து நீர் மூலக்கூறுகளும் இருப்பதால் முழுப்பெயரில் பென்டாஹைட்ரேட் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த முறை அப்பா கலக்கும்போது, தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் நனைக்கச் சொல்லுங்கள். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இரும்பு கொடுத்த இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தாமிர அயனி உலோகமாகிவிட்டது. கரைந்த இரும்பின் பெயர் அயர்ன்(இரண்டு) சல்பேட். இரும்புக்கும் இரண்டு, மூன்று என இரு நிலைகள் உண்டே!