தூக்கத்தில் பல் கடிப்பு: மாத்திரையா, நைட் கார்டா?

பலர் கேட்ட கேள்விகளும், பல் மருத்துவர் ஒருவர் அளித்த பதில்களும்.

டாக்டர், என் கணவர் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறார். காலையில் தாடை வலி வேறு. மாத்திரை கொடுத்தால் நின்றுவிடுமா, நைட் கார்டு போட வேண்டுமா?

இரண்டும் செய்யும் வேலையே வேறம்மா. நைட் கார்டு என்பது இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை. அது பற்களுக்கு நடுவில் நின்று, எனாமலுக்கு வர வேண்டிய தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். கடிப்பது நிற்காது. போட்ட புதிதில் சில வாரம் தசையின் வேகம் குறையலாம், அப்புறம் பெரும்பாலும் பழையபடிதான். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2007 தொகுப்பும், கார்டு கடிப்பைக் குறைக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பல் தேயாமல் காக்க உதவலாம் என்றது.

மாத்திரை மூளையின் பக்கம் வேலை செய்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் க்ளோனிடின், தூக்க ஆய்வுக்கூடச் சோதனையில் கடிப்பை நன்றாகவே குறைத்தது. ஆனால் சிலருக்குக் காலையில் எழும்போது பிரஷர் இறங்கிவிட்டது. தூக்கம் தரும் மாத்திரையான க்ளோனசெபாம் சில நாட்களுக்குப் பலன் தரலாம். பகலில் மந்தம், போகப்போக அது இல்லாமல் முடியாது என்ற நிலை. பல வருடம் நீடிக்கக்கூடிய ஒரு பழக்கத்துக்கு இந்த மருந்துகளைத் தினமும் கொடுக்க எனக்கு மனம் வராது. முதலில் கார்டு. வலி தாங்க முடியாத நாட்களில் மட்டும், மருத்துவர் சொன்னபடி, கொஞ்ச காலம் மாத்திரை.

மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் எடுக்கிறேன். அதற்குப் பிறகுதான் இந்தப் பிரச்சினையே வந்தது. தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். ஃப்ளூவாக்சிடின், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் எடுப்பவர்களில் சிலருக்குப் பல் கடிப்பு புதிதாக ஆரம்பிக்கும். தயவுசெய்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்: அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், அல்லது பதற்றத்துக்குக் கொடுக்கும் பஸ்பிரோன் மாத்திரையைச் சேர்த்துப் பார்ப்பார். அதுவரை பல்லுக்குக் கார்டு போட்டுக்கொள்ளலாம்.

எனக்குக் குறட்டையும் உண்டு, பகலில் தூக்கம் சொக்கும். கார்டு செய்ய அளவு கொடுத்துவிட்டேன்.

கொஞ்சம் பொறுங்கள் சார். முதலில் தூக்கப் பரிசோதனை. உங்களுக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருந்தால், மேல் பல்லுக்குப் போடும் தட்டையான கார்டு சிலருக்கு அதை இன்னும் மோசமாக்கும். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் வேறு வகைச் சாதனம் உண்டு. உங்களைப் போன்றவர்களுக்கு அது மூச்சுக்கும் பல் கடிப்புக்கும் சேர்த்தே உதவலாம். க்ளோனசெபாம் போன்ற தூக்கம் தரும் மாத்திரை இந்த நிலையில் வேண்டவே வேண்டாம். இதைப் பலர் கேட்பதே இல்லை என்பதுதான் என் கவலை.

ஆன்லைனில் வாங்கி, வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் மென்மையான கார்டு போதுமா?

அவசரத்துக்குப் போதும். தொடர்ந்து போட, அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் (பிளாஸ்டிக்) கார்டுதான் நல்லது. 1987-இல் 10 பேரிடம் செய்த ஒரு சோதனையில் கெட்டியான கார்டு 8 பேருக்குத் தசை இயக்கத்தைக் குறைத்தது. மென்மையானது 5 பேருக்குக் கூட்டிவிட்டது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் சூயிங்கம்போல மெல்லத் தோன்றுகிறது என்று நோயாளிகள் சொல்வதை நானும் கேட்கிறேன்.

போடாக்ஸ்?

தாடைத் தசையைத் தளர்த்தும் ஊசி அது. கடிக்கும் வேகத்தைக் குறைக்கும், எத்தனை முறை கடிக்கிறீர்கள் என்பதை அவ்வளவாகக் குறைக்காது. சில மாதங்களில் திரும்பப் போட வேண்டும். செலவும் அதிகம். வலி அடங்காதவர்களுக்கு மட்டும் யோசிப்பேன்.

என் 6 வயது மகன் பல்லைக் கடிக்கிறான். வயிற்றில் பூச்சி என்று மாமியார் சொல்கிறார்.

பூச்சி மருந்து கொடுத்தால் பல் கடிப்பது நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்த வயதில் கடிப்பது சகஜம், பெரும்பாலும் வளர வளரத் தானே போய்விடும். கார்டும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். தாடை வளர்கிற வயது. குறட்டை விட்டாலோ வாயைத் திறந்து தூங்கினாலோ மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் டான்சிலையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் காட்டுங்கள்.