ரப் அரீனாவில் எழுந்த ஊளை

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சின்சினாட்டியில் வசிக்கிறோம். மகன் லெக்சிங்டனில், கென்டக்கி பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2025 பிப்ரவரி 1 அன்று ஆர்கன்சாவுடன் நடந்த கூடைப்பந்து ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனான். எதிரணிக்குக் கோச் ஜான் கலிபாரி. முந்தைய வருடம் வரை கென்டக்கிக்கே பதினைந்து சீசன் கோச்சாக இருந்தவர், சாம்பியன் பட்டமும் வாங்கிக் கொடுத்தவர். அவர் உள்ளே வந்ததும் ரப் அரீனா என்ற அந்த அரங்கமே ஊளையிட்டது. என் மகன் கைகளை வாயருகே குவித்து ஊளையிட்டதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது. பாடம் சொன்ன வாத்தியார் ஊருக்குத் திரும்பி வந்தால் இப்படியா வரவேற்பது என்று கேட்டேன். “அவருடைய ஸ்டைல் எங்களை எவ்வளவு நோகடித்தது என்று உங்களுக்குத் தெரியாதுப்பா” என்றான். நான்கில் மூன்று ஆட்டத்துக்கு மேல் ஜெயித்துக் கொடுத்த ஒருவரிடம் இவர்கள் இன்னும் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? இது பேராசை இல்லையா? நீங்கள் அந்த ஊரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம.சி.

*

அன்புள்ள ம.சி.,

2002 முதல் 2007 வரை நான் லெக்சிங்டனில் குடியிருந்தேன். டப்பி ஸ்மித் அங்கே கோச்சாக இருந்த பத்து வருடங்களில் கடைசி ஐந்து. உங்கள் கேள்விக்குக் கலிபாரியை வைத்து மட்டும் பதில் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அவருக்கு முன்னால் இருந்தவர்களையும் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த மாநிலம். கென்டக்கிக்கென்று என்.பி.ஏ. அணி, அதாவது அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆடும் அணி, கிடையாது. லூயிவில்லில் கென்டக்கி கர்னல்ஸ் என்று ஒரு தொழில்முறை அணி இருந்தது, அதுவும் 1976-இல் கலைக்கப்பட்டுவிட்டது. கிழக்கே மலைக்குள் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிய ஊர்கள், நடுவில் குதிரைப் பண்ணைகள், மேற்கே புகையிலையும் சோளமும். இந்த மூன்று பகுதிகளும் சேர்ந்து ‘நம்முடையது’ என்று சொல்லிக்கொள்ள பல்கலைக்கழக அணியின் நீல ஜெர்சியைத் தவிர வேறு அதிகமில்லை. காவுட் லெட்ஃபோர்ட் என்ற வானொலி வர்ணனையாளர் 1953-லிருந்து 1992 வரை அந்த ஆட்டங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் ஆட்டம் கேட்டு வளர்ந்து, ஒருமுறைகூட அரங்கத்துக்குள் போகாமலே செத்துப்போன தாத்தாக்களைப் பற்றி என் அலுவலகத்தில் பேசுவார்கள். உங்கள் மகனோடு சேர்ந்து ஊளையிட்டவர்களில் பலர் அந்தத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்.

இந்த எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டவர் கோச் அடால்ஃப் ரப். 1930-இல் வந்து 1972 வரை இருந்தார். 876 வெற்றி, நான்கு சாம்பியன் பட்டம். எழுபது வயதில் கட்டாய ஓய்வு என்ற விதி மட்டும் இல்லையென்றால் அவர் போயிருக்கவே மாட்டார். அவர் இடத்துக்கு வந்த ஜோ பி. ஹால் 1978-இல் பட்டம் வென்றார். ஆனால் அந்த சீசனை அங்கே ‘கொண்டாட்டம் இல்லாத சீசன்’ என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்கள். ஜெயித்தே ஆக வேண்டும் என்ற பாரம், பட்டம் கைக்கு வந்த பிறகுதான் பையன்களின் தோளிலிருந்து இறங்கியது. இது கென்டக்கியில் மட்டும் நடப்பதும் இல்லை. கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் கோச் ஜான் வுடன் 12 வருடங்களில் 10 பட்டம் வென்று 1975-இல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ஜீன் பார்டோ 52 ஆட்டம் ஜெயித்து 9 மட்டும் தோற்றார். அப்படியும் இரண்டே வருடத்தில் தாங்க முடியாமல் கிளம்பிவிட்டார்.

இதுவரை படித்தால் பேராசை என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை மாற்றியது 1989-க்குப் பிறகு நடந்த கதை.

அந்த வருடம் கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விசாரணையில் கென்டக்கி சிக்கியது. கோச் எடி சட்டன் பதவி விலகினார். இரண்டு வருடம் மார்ச் மாதத் தேசியப் போட்டிக்குப் போக முடியாது, ஒரு வருடம் நேரலைத் தொலைக்காட்சியில் ஆட்டம் காட்டக் கூடாது என்று தண்டனை. நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். ரிச்சி ஃபார்மர், டெரான் ஃபெல்ட்ஹவுஸ், ஜான் பெல்ஃப்ரி, ஷான் வுட்ஸ் என்ற நான்கு பேர் தங்கினார்கள். முதல் மூவரும் கென்டக்கியின் சிற்றூர்களிலிருந்து வந்த பையன்கள். புதிய கோச் ரிக் பிட்டினோ அவர்களைப் பிழிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். எதிரணி பந்தைக் கையில் எடுத்த நொடியிலிருந்து முழு மைதானத்திலும் மறிப்பது, வாய்ப்புக் கிடைத்தால் யோசிக்காமல் மூன்று புள்ளி எறிவது. இதுதான் அவர் முறை. முதல் சீசனில் 14 வெற்றி, 14 தோல்வி.

சரிபாதி தோற்ற அணி அது. அந்த அணியைப் பற்றிக் கென்டக்கிக்காரர்கள் பேசும்போது முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். 1992-இல் இந்த நால்வரும் கடைசி வருடத்துக்கு வந்தபோது, தேசிய அரையிறுதிக்குள் நுழைய டியூக் பல்கலைக்கழகத்துடன் மோதினார்கள். கூடுதல் நேரத்தில் 2.1 நொடி மிச்சம் இருக்கும்போது கென்டக்கி ஒரு புள்ளி முன்னால். மைதானத்தின் மறுகோடியிலிருந்து வந்த பந்தைப் பிடித்து டியூக்கின் கிறிஸ்டியன் லேட்னர் எறிந்தார். 104–103. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட எறிதல்களில் அது ஒன்று. கென்டக்கி தோற்றது. சில நாள் கழித்து அந்த நான்கு பேரின் ஜெர்சியையும், அவர்களைக் கௌரவிக்க, ரப் அரீனாவின் கூரையில் ஏற்றினார்கள். பட்டம் எதுவும் வெல்லாத நான்கு பேருக்கு!

வெற்றி மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும் என்றால் இதை எப்படிப் புரிந்துகொள்வது? தண்டனைக் காலத்தில் விட்டுப் போகாமல் தங்கள் பக்கத்தில் நின்றவர்களை அவர்கள் மறக்கவில்லை. அந்த ஊர் தன் அணியிடம் கேட்பது இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்களோடு இரு. கொஞ்ச நாளாவது இரு. எங்களுக்கு உன்னைத் தெரிந்துகொள்ள நேரம் கொடு.

ஆனால் இந்த ஆசையை யாரும் இப்படிச் சொல்வதில்லை. ஸ்டைல் சரியில்லை என்று சொல்வார்கள். அங்கேதான் அநியாயம் நுழைகிறது. டப்பி ஸ்மித்துக்கு நடந்தது அதுதான்.

பிட்டினோ 1996-இல் பட்டம் வென்றார். அந்த அணியிலிருந்து ஒன்பது பேர் பிறகு என்.பி.ஏ.வில் ஆடினார்கள். 1997-இல் அவர் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போக, டப்பி ஸ்மித் வந்தார். கென்டக்கியின் முதல் கறுப்பினத் தலைமைக் கோச். 1970-71 சீசன் வரை ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் களமிறங்காத அணி அது என்பதை நினைத்தால் அந்த நாற்காலியின் கனம் தெரியும். முதல் சீசனிலேயே, 1998-இல், பட்டம் வென்றார். அந்தப் பயணத்தில் டியூக்குக்கு 17 புள்ளி பின்னால் கிடந்து எழுந்து 86–84 என்று ஜெயித்ததும் உண்டு.

அவருடைய ஆட்டம் நிதானமானது. பந்து இருக்கும் கோட்டுக்கு ஐந்து பேரும் இறங்கி நின்று எதிரணியின் வழியை அடைப்பது அவருடைய டிஃபென்ஸ். தங்கள் கைக்குப் பந்து வந்தால் அவசரப்படாமல் சுற்றிச் சுற்றி நகர்த்தி, நல்ல வாய்ப்புக்குக் காத்திருப்பார்கள். அப்போது கல்லூரி ஆட்டத்தில், பந்து கைக்கு வந்தால் கூடையை நோக்கி எறிய 35 நொடி அனுமதி. சில நாள் அந்த 35-உம் கரையும். பிட்டினோவின் ஓட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உப்புச்சப்பில்லாமல் தெரிந்தது. தொடர்ந்து மூன்று சீசன் பத்துப் பத்து ஆட்டம் தோற்றார் என்று ‘பத்துத் தோல்வி டப்பி’ எனப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் மகன் சால் அணியில் பந்தை நடத்தும் கார்டாக ஆடியபோது, தகப்பன் மீதான கோபம் பிள்ளை மீதும் விழுந்தது.

நான் போன முதல் சீசன் 2002-03. தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்தார்கள். தங்கள் லீக்கில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. அப்புறம் முக்கிய ஆட்டக்காரர் கீத் போகன்ஸுக்குக் கணுக்கால் பிசகியது. டுவைன் வேட் என்ற பையன் மார்கெட் அணிக்காக வந்து அவர்களைத் தனியாளாகக் கலைத்துப் போட்டான். ஒரு தோல்வியோடு வெளியே போகும் போட்டியில் இது யாருக்கும் நடக்கும். ஆனால் நான் முடிவெட்டப் போகும் கடையில் மறுநாள் பேசியது காயத்தைப் பற்றி இல்லை. டப்பிக்கு ஆட்டத்தை வேகப்படுத்தத் தெரியவில்லை என்றார்கள். நானும் தலையாட்டினேன். வந்து ஒரு வருடம்கூட ஆகாத நான், அந்த ஊரில் ஒருவனாகிவிட வேண்டும் என்ற ஆசையில் அவர்கள் சொன்னதையே மற்ற இடங்களிலும் போய்ச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பத்து சீசன், 263 வெற்றி, எந்த சீசனிலும் 22-க்குக் குறையவில்லை. 2007-இல் அவரே மினசோட்டாவுக்குப் போய்விட்டார். போகும்போதும் யாரைப் பற்றியும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. அடுத்து வந்தவர் இரண்டு வருடத்தில் நீக்கப்பட்டார். டப்பியிடம் என்ன இருந்தது என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இப்போது கலிபாரி. 2009-இல் வந்தார். பள்ளி முடித்த கையோடு என்.பி.ஏ.வுக்குப் போக முடியாது, குறைந்தது ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும் என்று 2006 முதல் விதி இருந்தது. நாட்டின் மிகச்சிறந்த பதினெட்டு வயதுப் பையன்களை அந்த ஒரு வருடத்துக்குக் கூட்டி வருவது அவர் வழி. 2010-இல் ஒரே நாளில் ஐந்து பேர் என்.பி.ஏ. தேர்வின் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். கென்டக்கி கூடைப்பந்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய நாள் என்று அதை அவர் சொன்னார். ஏழு பட்டம் வென்ற ஊரில் இதைச் சொன்னார். பலருக்கு அன்று பட்ட காயம் ஆறவே இல்லை. ஆனால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. வறுமையில் வளர்ந்த எத்தனையோ பையன்களின் குடும்பங்களை அவர் கரையேற்றினார். அதை நான் மதிக்கிறேன்.

2012-இல் ஆன்டனி டேவிஸை வைத்துக்கொண்டு எட்டாவது பட்டம். 2015-இல் 38 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் மட்டும் தோற்றார்கள். அதுவரை குறை சொன்னவர்கள் குறைவு. பிறகு காலம் மாறியது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறும் ஆட்டக்காரர்கள் உடனே ஆடலாம் என்றானது. கொரோனாவால் எல்லோருக்கும் கல்லூரி அணியில் ஆட ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. எதிரே இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது ஆண்கள் வந்து நின்றார்கள். கலிபாரி மட்டும் பதினெட்டு வயதுப் பையன்களையே பெரிதும் நம்பினார். 2021-இல் 9 வெற்றி, 16 தோல்வி. 2022-இல் பெரிதாக யாருக்கும் தெரியாத செயின்ட் பீட்டர்ஸிடம் முதல் சுற்றிலேயே தோல்வி. 2024-இல் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்திடம் அதே கதி. அந்த அணியின் ஜாக் கோல்கி, இரண்டாம் நிலைக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர், பத்து முறை மூன்று புள்ளி எறிந்தார். அதே கென்டக்கி அணியில் ரீட் ஷெப்பர்ட் இருந்தார். 1998 சாம்பியன் அணியின் ஜெஃப் ஷெப்பர்டின் மகன், லண்டன் என்ற உள்ளூர்ச் சிற்றூரில் வளர்ந்தவர். அந்தப் பையனைத் தொடக்கத்தில் களமிறக்காமல் பெஞ்சில் வைத்திருந்ததைப் பற்றி அந்த சீசன் முழுக்கப் பேசினார்கள்.

எனவே கலிபாரி விஷயத்தில் உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. கோச் தன் முறையை மாற்ற மறுத்தார். டப்பியின் முறை பழுதில்லாமல் இருந்தது, பார்ப்பவர்களுக்குத்தான் அலுத்துவிட்டது. கலிபாரியின் முறை நிஜமாகவே பழுதாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே வார்த்தையை, ‘ஸ்டைல்’ என்பதை, அந்த ஊர் பயன்படுத்துகிறது. நீங்கள் பார்த்த அன்று எதிரணியின் சிவப்பு ஜெர்சியில், முந்தைய வருடம் நீலத்தில் ஆடிய மூன்று பேர் இருந்தார்கள். கோச்சோடு கூடவே போனவர்கள். ஊளையில் பாதி அதற்கானது என்று நினைக்கிறேன். அன்று ஆர்கன்சா 89–79 என்று ஜெயித்தும் விட்டது.

மகன் ஊளையிட்டது எனக்கும் பிடிக்கவில்லை. இருந்தாலும் அதை நன்றிகெட்டதனம் என்று சொல்ல மாட்டேன். விட்டுப் போனவரைப் பார்த்து எழுந்த சத்தம் அது. கலிபாரி கிளம்பிய சில நாளில், 1996 அணியின் கேப்டன் மார்க் போப்பைப் புது கோச்சாக அறிமுகப்படுத்தியபோது, ஆட்டமே இல்லாத நாளில் அதே அரங்கம் நிரம்பி வழிந்தது. அறிவிப்பு வந்த அன்று பெரிய பெயர் இல்லை என்று முணுமுணுத்தவர்கள்கூட அங்கே போய் நின்றார்கள். தங்களில் ஒருவன் திரும்பி வந்தான் என்று.

2021 டிசம்பர் 31 அன்று ஹை பாயின்ட் என்ற சிறிய கல்லூரி ரப் அரீனாவுக்கு ஆட வந்தது. அதன் கோச் டப்பி ஸ்மித். அன்று அவர் பெயர் எழுதிய ஜெர்சியைக் கூரைக்கு ஏற்றினார்கள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. போய்ப் பதினான்கு வருடம் கழித்து. நான் வேறு ஊரில், வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அந்த முடிவெட்டும் கடையில் நாங்கள் பேசியதெல்லாம் காதில் கேட்டது. அன்று கை தட்டியவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டப்பெயரைச் சொன்னவர்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த முறை மகனோடு அங்கே போனால் ஆட்டம் தொடங்கும் முன்பே உள்ளே போய்விடுங்கள். மேலே ஸ்மித் என்று எழுதிய ஜெர்சி தொங்கும். அவரைப் பற்றி என்ன தெரியும் என்று மகனிடம் கேளுங்கள். தெரியாது என்றால், நான் தலையாட்டிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.