வாசகர் கேள்வி: வேலைத்தளக் கழிவு

கேள்வி: அச்சுவேலியில் சிறிய உலோக வேலைத்தளம் நடத்துகிறேன். இரும்புச் சீவல், அலுமினியத் துண்டு, பழைய எண்ணெய் எல்லாம் ஒரே பீப்பாவில் சேர்வதால், பழைய இரும்பு வாங்குபவர் மிகக் குறைந்த விலையே தருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: விலை குறைவதற்குக் காரணம் அந்த ஒரே பீப்பாதான். தாதிலிருந்து அலுமினியத்தைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ 5 வீதமே பழைய அலுமினியத்தை உருக்கப் போதும் என்பதால் அதற்குத் தனிமதிப்பு உண்டு. இரும்பு கலந்ததும் அம்மதிப்பு போய்விடும். ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் தனித்தனிக் கொள்கலன் வையுங்கள்; மாலையில் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒருவரும் பிரிக்கமாட்டார்கள். சீவல்களைக் கம்பிவலைத் தட்டில் வடியவிட்டால், வெட்டும்போது ஊற்றிய எண்ணெயில் ஒரு பகுதியை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம்.

பழைய எண்ணெய் விடயத்தில் மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். நமது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணாம்புக்கல் என்பதால், வளவில் ஊற்றும் எண்ணெய் அயலவர் கிணறுவரை செல்லக்கூடும். அதை மூடிய பீப்பாவில், சீமெந்துத் தளத்தின் மேல், கூரையின் கீழ் வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளரிடமே கையளியுங்கள்.

தகட்டை வெட்டுமுன் எல்லாத் துண்டுகளையும் அதில் வரைந்து பொருத்திப் பார்ப்பதும் நல்லது; விற்கவேண்டிய கழிவே அதனால் குறையும்.