அமெரிக்கா எந்த நாட்டையும் காலனியாக வைத்திருந்ததே இல்லையே, பிறகு ஏன் ஏகாதிபத்தியம் என்கிறார்கள்?

கேட்டவர் நம் பள்ளிப் புத்தகத்தோடு நின்றுவிட்டவர் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். 2012இல் ஒரு சரக்குக் கப்பலில், இதே ஞானத்தை ஒரு ஃபிலிப்பைன்ஸ்காரரிடம் அவிழ்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போது நான் தேர்ட் இன்ஜினியர். எங்கள் போசன் (கப்பல் தளத்து மாலுமிகளின் தலைவர்) ஐம்பதைத் தாண்டியவர், ஃபிலிப்பைன்ஸின் சமார் தீவுக்காரர். ராத்திரி சாப்பாட்டின்போது, "உங்களுக்கென்ன, அமெரிக்காக்காரன் வந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். எங்களை அல்லவா வெள்ளைக்காரன் உறிஞ்சி எடுத்தான்" என்றேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சார், பலாங்கிகா என்று எங்கள் தீவில் ஒரு ஊர். அந்த ஊர் சர்ச் மணிகள் இப்போது எங்கே இருக்கின்றன, தெரியுமா?"

எனக்கு ஊரே தெரியாது, மணியைக் கேட்கிறார்.

அவர் சொன்னதும் அப்புறம் நானாகப் படித்ததும் இதுதான். கியூபா விவகாரத்தில் 1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போருக்குப் போனது. ஃபிலிப்பைன்ஸ் அப்போது ஸ்பெயினின் காலனி. மே 1 அன்று அங்கே மணிலா விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயி ஸ்பானியக் கப்பல்களை அடித்து நொறுக்கினார். ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் 1896இலிருந்தே ஸ்பெயினை எதிர்த்துப் போராடி வந்தவர்கள். ஜூன் 12 அன்று அவர்கள் தலைவர் அகினால்டோ சுதந்திரம் அறிவித்துவிட்டார். ஆனால் ஆகஸ்டில் ஸ்பெயினும் அமெரிக்காவும் முன்கூட்டியே பேசிவைத்து ஒரு பொய்ச் சண்டை போட்டு, மணிலாவைக் கைமாற்றிக்கொண்டார்கள். உள்ளூர்ப் படையை நகருக்குள் விடவில்லை. டிசம்பரில் பாரிஸில் ஒப்பந்தம், 2 கோடி டாலருக்கு ஃபிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்குப் போனது. குடியிருப்பவனுக்குத் தெரியாமலே கிரயம் முடிந்துவிட்டது.

(எங்கள் பெரியப்பாவும் நான் கப்பலில் இருந்த சமயம் பார்த்து எங்கள் பங்கையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டார். ஒன்பது வருஷமாக வாய்தா வாய்தாவாக அலைகிறோம். வாங்கியவர் போர்வெல்லே போட்டுவிட்டார். சரி, அது வேறு கதை.)

1899 பிப்ரவரியில் ஃபிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் அமெரிக்காவுக்கும் போர் வெடித்தது. 1901 செப்டம்பர் 28 காலையில் பலாங்கிகா மக்கள் அங்கிருந்த அமெரிக்க முகாம்மேல் பாய்ந்தார்கள். 48 சிப்பாய்கள் செத்தார்கள். பதிலுக்கு ஜேக்கப் ஸ்மித் என்ற ஜெனரல் போட்ட உத்தரவு: பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் தூக்கக்கூடிய எல்லாரையும் கொல்லுங்கள். பத்து வயது! ராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்தது, ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். சர்ச்சின் மூன்று மணிகளையும் போர்ச்சின்னம் என்று தூக்கிப்போனார்கள். இரண்டு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஒன்று தென்கொரியாவில் இருந்த அமெரிக்க முகாமில். போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் செத்த பொதுமக்கள் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் வரலாற்றுப் பக்கமே சொல்கிறது.

'பள்ளிக்கூடம் கட்டினார்களே' என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: கட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எழுத்தாளர் மார்க் ட்வைன் போன்ற அமெரிக்கர்களே இந்தப் போரை எதிர்த்தார்கள் என்பதும் தெரியும். நான் கம்யூனிஸ்ட் கிடையாது, என் தங்கை நியூஜெர்சியில்தான் இருக்கிறாள். ஆனால் காலனியே இல்லையென்றால், 1946 ஜூலை 4 அன்று ஃபிலிப்பைன்ஸுக்கு எதற்குச் சுதந்திரம் கொடுத்தார்கள்? அதே 1898இல் எடுத்த போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. ஹவாயில் ராணியை 1893இல் இறக்கியதை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

போசன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். 2018 டிசம்பரில் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். சர்ச் வாசலில் பெருங்கூட்டம், நடுவில் பச்சை பிடித்த மூன்று மணிகள். கீழே, "சார், மூன்றும் வந்துவிட்டன."