அக்கா மகன் வாங்கும் சூப்பர் காருக்கு நான் ஜாமீன் போடலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. என் அக்கா மகனுக்கு 23 வயது. ஓட்டுநர் உரிமம் வாங்கி 11 மாதங்கள் ஆகின்றன. இணையத்தில் சொந்தத் தொழில் செய்து நன்றாகச் சம்பாதிக்கிறான், ஆனால் வருமானம் மாதாமாதம் சீராக இருப்பதில்லை. பின்சக்கர இயக்கம் கொண்ட, எட்டு ஆண்டு பழைய லம்போர்கினி ஹுராகான் கார் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறான். அது 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். விலையில் ஐந்தில் ஒரு பங்கை அவன் கட்டுவான், மீதி கடன். அந்தக் கடனில் பாதியை ஐந்தாம் ஆண்டின் முடிவில் மொத்தமாகக் கட்ட வேண்டும். நான் ஜாமீன் போட்டால்தான் கடன் கிடைக்கும் என்கிறார்கள். அவன் வயதுக்குக் காப்பீட்டுப் பிரீமியம் மிக அதிகமாக வருவதால், என்னை முதன்மை ஓட்டுநராகக் காட்டிவிடலாம் என்கிறான். தவணைக்குப் பணம் போதாத மாதங்களில் செயலி வழியே காரை நாள் வாடகைக்கு விடலாம், இத்தகைய கார்கள் விலை ஏறத்தான் செய்யும், ஆகவே இது முதலீடு என்பது அவன் வாதம். அக்கா தினமும் போன் செய்கிறார். முன்பு அவனுடைய பைக் கடனுக்கு ஜாமீன் போட்டு, கடைசி ஏழு தவணைகளை நானே கட்டினேன். மாமாவின் வியாபாரக் கடனுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காரின் விலை ஏறத்தாழ என் ஓய்வுக்காலச் சேமிப்பின் அளவுக்கு இருக்கிறது. தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: உங்கள் கடிதத்தில் கார் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு உறுத்தியது, போகிற போக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டு நீங்கள் கடந்துபோன அந்த ஏழு தவணைகள்தான். அவற்றைக் கட்டியபோது யாரும் உங்களிடம் பணம் கேட்டுக் கெஞ்சியிருக்க மாட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கும், நீங்கள் கட்டியிருப்பீர்கள், அந்தப் பேச்சும் அத்தோடு அடங்கியிருக்கும். உங்கள் குடும்பத்தில் ஜாமீன் என்பது இப்படித்தான் செலவில்லாத உதவியாக மாறியிருக்கிறது. கேட்பவருக்குச் செலவில்லை என்பது உண்மை. பைக் போய் மாமாவின் வியாபாரம் வந்தது, இப்போது லம்போர்கினி வந்து நிற்கிறது. உங்கள் கையெழுத்தின் அளவு மட்டும் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகிறது.

வட்டியைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இறுதியில் மொத்தத் தொகை கட்டும் இந்த வகைக் கடனின் கணக்கை ஒருமுறை தோராயமாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 20, கடன் 80, வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், ஐந்து ஆண்டுகள், கடைசியில் 40 என்றால், மாதத் தவணை சுமார் 1.18 வரும். அறுபது மாதங்களுக்கு 71, இறுதித் தொகை 40, முன்பணம் 20 என மொத்தம் 131. காப்பீடு, சர்வீஸ், டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 8 என்று நான் குறைத்தே அனுமானித்தாலும், ஐந்து ஆண்டுகளில் இன்னொரு 40 சேர்ந்துவிடும். இதை உங்கள் அக்கா மகன் தாங்குவானா என்பது அவன் கவலை. நீங்கள் பார்க்க வேண்டியது பதினெட்டாவது மாதத்தை. அதுவரை அவன் தவணையாக 21 கட்டியிருப்பான். ஆனால் கடன் 80இலிருந்து 70க்குத்தான் இறங்கியிருக்கும். அந்த நிலையில் கார் மோதி நொறுங்கி, காப்பீடு கைவிட்டு, மிச்சம் உதிரிப் பாகங்களுக்காக 25க்கு விலைபோனால், பாக்கி 45 உங்கள் பெயருக்கு வரும். உங்கள் சேமிப்பும் 100 என்பதால், அதில் ஏறக்குறையப் பாதி, நீங்கள் ஒரு நாளும் ஓட்டாத காருக்குப் போய்விடும். மோதலில் வேறு யாருக்கேனும் காயம் ஏற்பட்டால் எழும் இழப்பீடு இந்தக் கணக்கில் இல்லை.

காப்பீடு ஏன் கைவிட வேண்டும் என்று கேட்பீர்கள். முதன்மை ஓட்டுநர் நீங்கள் என்று எழுதித் தருவது பிரீமியத்தைக் குறைக்கும் சாமர்த்தியம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் அது பொய்யான அறிவிப்பு, கோரிக்கையை நிராகரிப்பதற்குத் தயாராகக் கிடைக்கும் காரணம். மூன்றாம் நபருக்கு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டிய இடங்களில்கூட, அதைக் கொடுத்துவிட்டுப் பொய் சொன்னவரிடமிருந்து நிறுவனம் வசூலிக்க முயலும். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நம்ப வேண்டாம். 2009இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர் தன் புகாட்டி வேய்ரான் காரை உப்புநீர் நிலை ஒன்றுக்குள் இறக்கிவிட்டு, தாழப் பறந்த பெலிகன் பறவையால் கவனம் சிதறியது என்றார். வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு அவர் காப்பீடு எடுத்திருந்தார். அந்த வழியே காரில் போன ஒருவர் அதே நேரத்தில் எடுத்த காணொளியில் பறவை எதுவும் இல்லை. பிரேக் விளக்கும் எரியவில்லை. மோசடி வழக்கில் அவர் சிறைக்குப் போனார். உங்கள் விஷயத்தில் அந்நியர் யாரும் படம் பிடிக்கத் தேவையில்லை. இணையத்தில் தொழில் செய்யும் 23 வயது இளைஞன் லம்போர்கினி வாங்கினால், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடி அவனே வாரத்துக்கு நான்கு காணொளிகள் போடுவான்.

விபத்து நடந்தால்தானே இந்தப் பேச்சு என்று அக்கா சொல்லக்கூடும். அனுபவமற்ற ஓட்டுநர் இத்தகைய காரில் எப்படிச் சிக்குகிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பலரும் நினைப்பதுபோல் அது 300 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதில்லை. ஹுராகானின் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியில் இருக்கிறது. எடை நடுவில் குவிந்திருப்பதால் கார் சொன்னபடி சட்டென்று திரும்பும். பிடி விட்டுப்போனால் அதே வேகத்தில் சுழலவும் செய்யும். நிறுத்தி வைத்திருந்த கார் ஒன்று தெருவுக்குள் திரும்புகிறது, சுற்றிலும் நான்கு பேர் செல்போனோடு நிற்கிறார்கள், டயர்கள் இன்னும் சூடேறவில்லை, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதிக்கிறார். பின்சக்கரங்கள் பக்கவாட்டில் வழுக்குகின்றன. பயந்துபோய் அவர் காலை முழுவதும் எடுத்தவுடன் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் இலகுவாகிறது. எதிர்ப்பக்கம் அதிகமாக ஸ்டீயரிங்கை ஒடித்திருப்பதால், பிடி திரும்பக் கிடைக்கும் கணத்தில் கார் அந்தப் பக்கமே பாய்ந்து நடைமேடையில் ஏறுகிறது. எல்லாம் மூன்று நான்கு விநாடிகளுக்குள் முடிந்துவிடும். நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு மின்னணு அமைப்பு இதைப் பெரும்பாலும் தடுக்கும், ஆனால் டயருக்கு இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது. மேலும் அதை அணைத்துவிட்டு ஓட்டுவதே வீரம் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை.

9,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தை நினைத்துப் பாருங்கள். அவர் பயணி, ஓட்டியவர் கார்ப் பந்தய அனுபவம் உள்ள நண்பர். கார் போர்ஷே கரேரா ஜிடி: நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லாத, 600 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வாகனம். விசாரணை அதிகாரிகள் சுட்டிய காரணங்கள் இரண்டு: வேகமும், ஏறத்தாழ ஒன்பது ஆண்டு பழைய டயர்களும். கொஞ்சமாக ஓடிய காரில் டயரின் பள்ளங்கள் தேயாமல் புதிதுபோலவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3716 என்றால் 2016ஆம் ஆண்டின் 37ஆவது வாரம். பேசி வைத்திருக்கும் காரில் அந்த எண் என்ன என்று அவனிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், அவன் காரைப் பார்த்தானா, அதன் நிறத்தை மட்டும் பார்த்தானா என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

அரசுகளும் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், தற்காலிக உரிமக் காலத்தில் உள்ளவர்கள் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் ஆற்றல் உள்ள கார்களை ஓட்டக்கூடாது. நீங்கள் சொல்லும் கார் அதைப் போல இரண்டு மடங்கு. 2019இல் அடிலெய்டில் லம்போர்கினி மோதி 15 வயதுச் சிறுமி இறந்ததற்குப் பிறகு, தெற்கு ஆஸ்திரேலியா 2024 டிசம்பர் முதல் டன்னுக்கு 276 கிலோவாட்டைத் தொடும் கார்களுக்குத் தனி உரிம வகுப்பையே கொண்டுவந்தது. உங்கள் அக்கா மகனின் பிரீமியம் அதிகமாக வருவதற்கும் இதே காரணம்தான். அபாயத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உங்களுக்கு ஒரு விலையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விலையைப் பொய்யால் மறைத்துவிட்டு அபாயத்தை நீங்கள் ஏற்பதாக இருக்கிறீர்கள்.

முதலீடு என்ற வாதத்துக்கு வருவோம். நடிகர் ரோவன் அட்கின்சனின் கதையை அவன் உங்களிடம் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 2011இல் தன் மெக்லாரன் எஃப்1 காரை மரத்தில் மோதினார், காப்பீட்டு நிறுவனம் சுமார் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு செலவில் அதைச் சரிசெய்து கொடுத்தது, 2015இல் அதையே 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். கதை உண்மைதான். ஆனால் மெக்லாரன் எஃப்1 மொத்தமே 106தான் செய்யப்பட்டது. ஹுராகான் 20,000க்கும் மேல். விலை ஏறிய கார்கள் பெரும்பாலும் அரிதானவை, கடனில்லாமல் வாங்கப்பட்டவை, கொட்டகையில் காத்துக் கிடந்தவை. தவணையும் வட்டியும் கட்டி, தெருவில் ஓட்டி, வாடகைக்கும் விட்டு, அதன்பின் விலையும் ஏற வேண்டும் என்பது பேராசை.

அந்த வாடகைச் செயலி யோசனையை நீளமாகப் பேச நேரம் ஒதுக்க மாட்டேன். சொந்தப் பயன்பாட்டுப் பாலிசி பொதுவாக வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. ஒருநாள் லம்போர்கினி ஓட்ட ஆசைப்பட்டு வருபவர்களில் பலர் அவனைவிடவும் அனுபவம் குறைந்தவர்கள். சூப்பர் காரில் நூறில் ஒரு பங்கு வாங்குங்கள் என்று இப்போது விற்கப்படும் திட்டங்களையும் யாரேனும் உங்களிடம் கொண்டுவந்தால், அதே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கடனில் கையெழுத்துப் போடாதீர்கள். காப்பீட்டில் உங்கள் பெயரைச் சேர்க்க விடாதீர்கள். அக்காவிடம் காரின் குறைகளைப் பட்டியலிட வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் வைத்திருப்பான், பேச்சு மாதக்கணக்கில் இழுக்கும். "ஓய்வுக்காலப் பணத்தை வைத்து இனி யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். அது அவனைப் பற்றிய தீர்ப்பாகவும் ஒலிக்காது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனம் உறுத்தினால், பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்து பந்தயத் தடத்தில் சொல்லிக்கொடுக்கும் ஓட்டுநர் பயிற்சி ஒன்றுக்கு அவனுக்காகப் பணம் கட்டுங்கள். கார் தன் சொந்தப் பெயரில், தன் உண்மையான பிரீமியத்தில், தன் வருமானத்தைக் காட்டிக் கிடைக்கும் கடனில் வாங்க முடிகிற காராக இருக்கட்டும்; அது எதுவென்று கடன் கொடுப்பவர்களே அவனுக்குச் சொல்லிவிடுவார்கள்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று உங்கள் மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது. மாமாவின் வியாபாரக் கடனுக்கு நீங்கள் போட்ட ஜாமீன் பத்திரத்தை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள். வியாபாரக் கடன்களில் பல, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. ஜாமீன் தொடர் ஜாமீனாக இருந்தால், பின்னாளில் அவர் கூடுதலாக வாங்கும் தொகைக்கும் நீங்கள் பொறுப்பாவீர்கள். அப்படி இருந்தால், அடுத்த புதுப்பிப்பு நாளுக்கு முன்பே, இனி வழங்கப்படும் எந்தத் தொகைக்கும் என் ஜாமீன் பொருந்தாது என்று கடன் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் அறிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் வாசகம் குழப்பமாக இருந்தால், அறிவிப்பை அனுப்புவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.