பிராண்டின் நடுங்கிய கை

வணக்கம் சார்,

நீங்கள் சொல்லித்தான் 'பிட்டர் விக்டரி' பார்த்தேன். போர்ப்படம் என்று உட்கார்ந்தால் சண்டையே கொஞ்சம்தான் வருகிறது. ஒரு பெண்ணுக்காக இரண்டு அதிகாரிகள் பாலைவனம் முழுக்க முறைத்துக்கொள்கிறார்கள். பிராண்ட் வெறும் கோழை, லீத் நல்லவன். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெண் ஜேனை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தால் படம் சின்னதாகிவிடும். மேஜர் பிராண்டின் மனைவியான அவளும் கேப்டன் லீத்தும் முன்பு காதலித்தவர்கள், அது பிராண்டை உறுத்துகிறது, சரி. ஆனால் பகை முற்றுவது லிபிய நகரமான பெங்காசியில்தான். ஜெர்மன் தலைமையகத்தில் ஆவணங்களைக் கைப்பற்றப் போன இடத்தில் காவலாளியைச் சத்தமில்லாமல் கத்தியால் முடிக்கவேண்டும், பிராண்டால் முடியவில்லை, கை நடுங்குகிறது, லீத் செய்கிறான். அதற்கப்புறம் அந்த நடுக்கத்தைக் கண்ணால் பார்த்த ஒருவன் உயிரோடு கூடவே நடந்துவருகிறான் என்பதைத்தான் பிராண்டால் தாங்க முடியவில்லை.

இயக்குநர் நிக்கலஸ் ரே இதைக் கொண்டுபோகும் விதத்தைப் பாருங்கள். பிராண்ட் லீத்தை நேருக்கு நேர் எதுவும் செய்வதில்லை. படுகாயமடைந்த இருவரோடு அவனைப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டுப் போகிறான், மேலதிகாரியின் உத்தரவு, யார் கேட்பது? பிறகு ஒரு தேள் லீத்தின் மேல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், எச்சரிக்கவில்லை. பெங்காசியில் எழாத கை இங்கேயும் எழவில்லை. கோழைத்தனமும் கொலையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய போர்ப்படம் எனக்கு வேறு தெரியாது.

இந்தப் படத்தின் மூல நாவலை எழுதிய ரெனே ஹார்டியையும் இங்கே சொல்லவேண்டும். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு இயக்கத்தில் இருந்தவர், அதன் தலைவர் ழான் மூலனை ஜெர்மானியரிடம் காட்டிக்கொடுத்தார் என்று இரண்டு முறை விசாரிக்கப்பட்டு இரண்டு முறையும் விடுதலையானவர். கூட இருந்தவன் தன்னை என்னவென்று நினைக்கிறான் என்ற கேள்வி அவருக்கு வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

லீத் நல்லவன் என்பதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கூட விடப்பட்ட அந்த இருவரில் காயம்பட்ட ஜெர்மானியனைச் சுட்டுவிடுகிறான், தன் ஆளைத் தோளில் சுமக்கிறான், அவனோ வழியிலேயே இறந்துபோகிறான். உயிரோடிருப்பவனைக் கொல்கிறேன், செத்தவனைக் காப்பாற்றுகிறேன் என்று அவனே சொல்கிறான், லீத்தாக நடித்த ரிச்சர்ட் பர்ட்டன் குரலில் அதைக் கேட்கவேண்டும். அவனுக்கு வாழ்வதில் பிடிப்பே இல்லை. பிராண்டின் பயத்தைக் குத்திக் கிளறுவதில் மட்டும் ஒரு வேகம் இருக்கிறது. கடைசியில் மணற்புயலில் தன் உடம்பால் பிராண்டை மூடிக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான். அதைவிடப் பெரிய தண்டனையை அவன் பிராண்டுக்குக் கொடுத்திருக்க முடியாது.

பிராண்ட் வெறும் கோழை என்றால் கிடைத்த பதக்கத்தை மார்பில் மாட்டிக்கொண்டு போயிருப்பான். அவன் அதைப் பயிற்சிக்கான பொம்மையின் நெஞ்சில் குத்துகிறான். பிராண்டாக நடித்த கர்ட் யூர்கன்ஸின் முகத்துக்காகவே அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள்.

அப்புறம், 1957இல் வந்த இந்தப் படத்தை அமெரிக்காவில் நன்றாக வெட்டித்தான் வெளியிட்டார்கள். நீங்கள் பார்த்தது நூறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பிரதிதானா? இல்லையென்றால் அதைத் தேடிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.